தெருப்பக்கத்துக் கொடி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் துணி வெள்ளைவெளேரென்று காய்ந்திருந்தது. பார்த்தாலே எரிச்சல்.

கல்யாணமாகி இந்தத் துறைமுகத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு துணியைக்கூட மாடியில் காயப் போட முடிந்ததில்லை. கப்பலில் நிலக்கரி இறங்கினால் தூசி முதலில் எட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டைத்தான். அறைக்குள்ளேயே கொடி கட்டி, ஈர வாடையோடு உடுத்திப் பழகிவிட்டோம். கரி இறக்கும் அந்தக் கரித்தளம் மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது மாடியில் காய்ந்து துணி வெளுத்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு போக இவருக்கு வேலைதான் இல்லை.

இவர் இன்று என் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். கிரேன் ஓட்டின கை சும்மா இருக்குமா? உப்பைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. திட்டத் திரும்பினேன். முகத்தைப் பார்த்ததும் அடுப்புப் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் போன் செய்தார். அவர் ஊரில், அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே காவலாளி வேலை காலியாம். தங்க அறையும் உண்டாம். "மாப்பிள்ளைய அனுப்பி வை. நீயும் பொண்ணும் அப்புறமா வரலாம்."

இவர் மறுக்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் பதினொன்றாம் தேதிக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அப்புறமா என்றால் எப்போது? மகளுக்குப் படிப்பு முடியவில்லை. எனக்கு இந்த மருந்துக்கடை வேலை. அதையும் விட்டால் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

மார்ச் 17, செவ்வாய்

கடையில் இன்றும் தூக்க மாத்திரை கேட்டுத்தான் கூட்டம். எல்லாம் தளத்தில் வேலை பார்த்த, தெரிந்த முகங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றால், நீயுமா என்பது போலப் பார்க்கிறார்கள்.

மார்ச் 26, வியாழன்

பழைய கரித்தளத்தை யாரோ எடுத்திருக்கிறார்களாம்! காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பப் போகிறார்களாம். கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், ஏப்ரல் ஏழாம் தேதி தேர்வு. மகள்தான் போனில் பார்த்து, முந்தாநாளே இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கும்மா" என்றார் இவர்.

"அப்ப எதுக்குப்பா நேத்து தலைக்குச் சாயம் அடிச்சீங்க?"

மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஏப்ரல் 7, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

தேர்வுக்குப் போனவர் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கெஞ்சிக் கேட்ட பிறகு சொன்னார். இப்போதெல்லாம் கிரேன் மேல் யாரும் உட்காருவதில்லையாம். கீழே ஓர் அறை, திரை, கைப்பிடி — நாற்காலியில் இருந்தபடியே ஓட்டலாம். இவரைக் கூப்பிட்டதும் என்ன செய்தார்? விறுவிறுவென்று ஏணியில் ஏறிவிட்டார்! ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது. உச்சிக்குப் போனால் உட்காரக் கூண்டே இல்லை. தேர்வு நடத்திய அதிகாரியம்மா ஒலிபெருக்கியில், "சார், ரூம் கீழ இருக்கு, இறங்கி வாங்க" என்று கூப்பிட, வந்திருந்த அத்தனை பேரும் சிரிப்பு.

இறங்கி வந்து ஓட்டிக் காட்டினாராம். "தூக்கினேன், வெச்சேன். சுமாரா வந்துச்சு. ஆனா என் மூஞ்சியப் பார்த்தாலே சிரிக்கிறாங்கடி."

எதுக்கு ஏறினீங்க? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா? — என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நாளை மறுநாள் ரயில். பெட்டியில் சட்டைகளை அடுக்கினேன். எல்லாம் பளிச்சென்று வெள்ளை. "வாட்ச்மேனுக்குப் பொருத்தம்" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

ஏப்ரல் 10, வெள்ளி

வயிற்றில் பால் வார்த்தார் அந்த அதிகாரியம்மா. நன்றாக இருக்கட்டும்!

கடையில் இருந்தபோது இவர் போன். மூச்சு மட்டும்தான் கேட்டது. யாருக்கு என்னவோ என்று பதறிப்போனேன். "எடுத்துட்டாங்கடி" என்றார்.

ஓட்டியது நன்றாகவே இருந்ததாம். அதோடு, வாரம் ஒருமுறை யாராவது உச்சிக்கு ஏறி, இரும்பு வடத்தைப் பார்த்து கிரீஸ் போட்டு வர வேண்டுமாம். தேர்வான பசங்களுக்குப் பாதி ஏணிக்கு மேல் கால் எழவில்லையாம். "நீங்கதான் சொல்லாமலே ஏறினீங்களே சார்" என்றாராம் அந்த அம்மா.

கடை முதலாளி முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "துக்கமா, சந்தோஷமா? முதல்ல அதச் சொல்லும்மா" என்றார்.

டிக்கெட்டை மகள் ரத்து செய்துவிட்டாள். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "சரி, நல்லதுதான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மே 6, புதன்

இன்று கடையில் அதிகம் போனது வலித்தைலம். "முதுகு விட்டுப்போச்சுக்கா" என்று, முன்பு தூக்க மாத்திரை கேட்டு வந்த ஒருவர், தளத்து வேலை முடிந்து வந்து சந்தோஷமாகச் சொல்லி வாங்கினார். எதிரே பூட்டிக் கிடந்த டீக்கடை திறந்துவிட்டது. அதை அடுத்த கடைகள் இன்னும் பூட்டுதான்.

மே 16, சனி

இவர் உச்சிக்கு ஏறி இறங்கி மத்தியானம் வீட்டுக்கு வந்தார். சட்டைக் காலரில் கட்டைவிரல் அகலத்துக்கு கிரீஸ்.

"வெள்ளைச் சட்டையில யாராவது இந்த வேலைக்குப் போவாங்களா?"

"யூனிபாரம் இன்னும் தரல. மத்ததெல்லாம் நீதானே வெளுத்து வெச்சிருக்க."

சாப்பிட்டதும் குறட்டை. சத்தமில்லாமல் டப்பாக்களை என் கைக்கு வாகாக மாற்றி வைத்தேன். பிறகு சட்டையை ஊற வைத்துத் துவைத்தேன். கறை முழுசாகப் போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்திருக்கலாம். தேய்க்கவில்லை. மாடிக்குக் கொண்டுபோய், காலர் தெரியும்படி, தெருப்பக்கத்துக் கொடியில் போட்டேன்.