வயிற்றுவலி என்று ஒரு பொய்

செவ்வாய் இரவு, கொட்டாஞ்சேனை, கொழும்பு

தூத்துக்குடியிலிருந்து சபை ஊழியத்துக்கு வந்து நான்கு நாளாகிறது. இன்று வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சுவிசேஷம் சொல்லப் போனபோது, ஒரு அம்மா கோயில் சர்க்கரைப் பொங்கலை நீட்டினார். படைத்ததை எங்கள் சபையில் சாப்பிட மாட்டோம். அதைச் சொல்ல வாய் வராமல், வயிற்றுவலி என்றேன்.

“ஐயோ பிள்ளை, முதலே சொல்லியிருக்கலாம் எல்லோ! இருங்கோ” என்று இஞ்சி தட்டித் தேத்தண்ணி போட்டு வந்தார். குடித்து முடிக்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது வேனில், கூட வந்த ஸ்டெல்லா அக்கா, “பத்தாவதோட நின்னாலும் கெட்டிக்காரிடி நீ! நல்லா சமாளிச்ச” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எரிச்சலாக வந்தது. அக்காமேலா என்மேலா, தெரியவில்லை.

நாளையும் அந்தத் தெருதான். என்னைக் கண்டதும் அந்த அம்மா வயிறு எப்படி என்றுதான் கேட்பார். அப்போதாவது எனக்கு வாய் வர வேண்டும், ஆண்டவரே.