லோகோ தெரியாத போட்டோ

ஞாயிறு, ராத்திரி

கப்பு ஜெயிச்சிட்டோம். ஆனா எனுக்கு சந்தோசம் அதுல இல்ல.

தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்புல ஒரு மாசமா எங்க புட்பால் டோர்னமென்ட் போஸ்டர் கீது. பந்து உதைக்கிற ஒடம்பு என்னுது. முட்டியில தையல் போட்ட தழும்பு கூட என்னுதுதான். மூஞ்சி மட்டும் எவளோ ஒரு மாடலோடது. ஸ்பான்சர் பண்ற கூல்டிரிங்ஸ் கம்பெனி மார்க்கெட்டிங் சாராண்ட கேட்டேன். "உன் மூஞ்சி செட் ஆவலம்மா"ன்னு சிரிச்சிகினே சொன்னான். அன்னிக்கே கறுவிக்கினேன்.

இன்னிக்கு கப்போட போட்டோ. பேப்பர்ல வரப்போறது அதான். பின்னாடி கம்பெனி பேரு போட்ட பெரிய பேனர். எங்க ஏரியால கப்பு வந்தா தெருவே போட்டோல நிக்கும். கேப்டன் நானே மைக்கப் புட்சி, "அல்லாரும் வாங்க!"ன்னு கூப்ட்டேன். மீன் விக்கிற எங்கம்மா, அத்தைங்க, மோளக்காரங்க எல்லாம் மேடை ஏறிட்டாங்க. பின்னாடி இருந்தவங்க சேர் மேல ஏறி நின்னாங்க. பேனர்ல ஒரு எழுத்து கூட தெரியல.

அந்த மார்க்கெட்டிங் ஆளு ஓடியாந்தான். "லோகோ மறைக்குதும்மா!"

"கம்ப்யூட்டர்ல ஒட்டிக்க சார். உனுக்குத்தான் அது நல்லா வருமே."

வர்ற வழில கோல்கீப்பர் மேரி கேட்டா, "அடுத்த வருசம் ஜெர்சி எவன்டி குடுப்பான்?" தெரியல. பயமாத்தான் கீது.

கோந்து வாங்கி வச்சிட்டேன். காலைல பேப்பர்லேர்ந்து என் மூஞ்ச வெட்டி, போஸ்டர்ல அந்த மாடல் நெத்தியில ஒட்டணும். தம்மாத்தூண்டுதான் இருக்கும். இருக்கட்டும், அது என்னுது.