வெண்துணிக்கு அஞ்சிய ஆணை

மழை பிழையாத மருதங்கோடும் அலை ஓயாத சங்குத்துறையும் ஒரு குடைக்கீழ் காக்கும் அரசி, பெருந்தேவி எழிற்கோதை நாச்சியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகன் காளிங்கன் எழுதிய திருமுகம். சங்குத்துறைக் காவல் தண்டநாயகர் அதியரையர் காண்க. உம் குடி வாழ்க. உம் துறையில் கலமும் மனையில் விளக்கும் குறையாதிருக்க. இதனை நின்றபடியே படிக்க. படித்து முடிக்குமுன் உம் வீரர் எவரும் தீவட்டி ஏந்தற்க.

வெண்போர்வையர் தீவிலிருந்து தோணியேறி வந்து, ஜிகாது என்று முழங்கி, சந்தை கூடிய வேளையில் மீன் விற்ற பெண்டிரையும் முத்து விலை பேசியோரையும் வெட்டிச் சாய்த்த நாள்முதல் நாச்சியார்க்கு உறக்கமில்லை. சவத்துணியைத் தாமே போர்த்தி வருவோரை வேறெந்தச் சாவைக் காட்டி அச்சுறுத்துவது என்று எண்ணி எண்ணி நடுங்கினார். வண்ணாத்தி வெளுத்த சேலையோடு வாயிலில் நின்றபோதும் ஐயோ என்று அலறிவிட்டார். இதை எழுத வேண்டா என்று அடியேன் விண்ணப்பித்தேன். எழுது, தண்டநாயகர் அறியட்டும் என்று பணித்தார்.

அவையிலோ பெரும் வழக்கு. அமைச்சருள் ஒரு சாரார், இசுலாம் நெறியே வாளின் நெறி, அந்நெறி நிற்கும் சோனகரை வேரோடு கெல்லுக என்றனர். மறுசாரார், அந்நெறிக்கும் அவ்வாளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதைப் பேசுவதே பாவம் என்றனர். ஒருவர்க்கு இருண்டதெல்லாம் பேய், மற்றவர்க்கு வெளுத்ததெல்லாம் பால். தொண்டை வற்றப் பேசினார்களே ஒழிய, சோனகர் ஒருவரை அழைத்துக் கேட்போம் என்று எவர்க்கும் தோன்றவில்லை.

அவ்வேளையில்தான் உம் ஓலை வந்தது. சோனகத் தெருவார் துறையிலுள்ள வெண்துணி முழுவதையும் வாங்கிக் குவிக்கின்றனர், அடுத்த வெண்போர்வைப் படை நம் மதிலுக்குள்ளேயே எழுகின்றது என்று எழுதியிருந்தீர். நாச்சியாரின் அச்சம் அவர் கையைப் பிடித்து எழுதுவித்த முன்னோலை இது: வெள்ளித் தொழுகை முடிந்ததும் தெருவைச் சூழ்ந்து கொளுத்துக. வெண்துணி போர்த்து வெளிவருவோரைக் கண்ட இடத்தில் வெட்டுக. அதன்மேல் செவ்வரக்கு முத்திரையும் இட்டார்.

அவ்வோலை புறப்பட்ட பின்னரே சோனகரின் வழக்குத் தீர்க்கும் காதியார் மீரா லெப்பை அரண்மனை வாயிலில் வந்து விழுந்தார். துணி எதற்கென்று கேட்டதற்கு, பிணங்களுக்கு என்றார். சந்தையில் இறந்தோருள் சோனகரும் உண்டு. அவர் மகன் உதுமான் நயினாரும் உண்டு. பிற குடியினரின் பிணங்களுக்கும் கோடித்துணி கிடைக்காத நிலையில், எல்லார்க்குமாகச் சேர்த்தே தெருவார் வாங்கினர். அது கேட்டு நாச்சியார் இருக்கையிலிருந்து இறங்கி, அவர் எதிரே தரையில் அமர்ந்தார்.

பின்னர்த் தாம் இட்ட ஆணையைச் சொல்லி, ஜிகாதைப் பற்றி வினவினார். காதியார் உரைத்தது இது: அது முதலில் தன் நெஞ்சோடு செய்யும் போர். வாள் எடுத்தாலும் அதற்கு வேலி உண்டு. பெண்டிர், பிள்ளை, முதியோர், தவசியர் மேல் வீசலாகாது. வேலி தாண்டிய பாவிகள் எம் மறையின் வரியைச் சொல்லியே தாண்டினர். அதை இல்லை என்று நான் சொன்னால் உமக்கும் பொய், படைத்தவனுக்கும் பொய். அவர்களுக்கு மறுமொழி சொல்ல எம்மால்தான் ஆகும். தாயே, எம் தெருவைக் கொளுத்தினால், இந்நாடு எமக்குப் பகை என்று அவர்கள் சொன்னதே மெய்யாகிவிடும். இவ்வாறு கூறியதோடு, அக்கூட்டத்திற்குத் தோணி ஓட்டியவன் தம் தெருவான் ஒருவனே என்றும், அவனைப் பள்ளிவாசல் அறையில் பூட்டி வைத்திருப்பதாகவும் தெரிவித்தார்.

தண்டநாயகரே, நம் நாட்டு வழக்கு நீர் அறியாததன்று. செவ்வரக்கு இட்ட ஆணையை மற்றோர் ஓலை மாற்றாது. இட்டவர் நேரில் வந்து தம் வாயால் மாற்ற வேண்டும். பொய்யோலைக்கு அஞ்சி முன்னோர் கட்டிய அவ்வழக்கு இன்று நம் கழுத்தையே இறுக்குகின்றது. இவ்வோலையைப் புறக்கணித்து முன்னதை நிறைவேற்றினாலும் உம்மேல் குற்றமில்லை. ஆதலின் நாச்சியார் ஆணையிடவில்லை, வேண்டுகிறார்: அவர் வரும்வரை காத்திரும். வந்தபின், அத்தோணிக்காரனை அவையறிய விசாரித்துத் தண்டிக்க வேண்டும். தீவில் பதுங்கியோரை நாம் விடப்போவதில்லை. அவர்கள்மேல் இரக்கமும் இல்லை.

நாச்சியார் இப்போதே புறப்படுகின்றார். காதியார் தம் மகனுக்கு வாங்கியதில் எஞ்சிய வெண்துணியை நாச்சியார் கேட்டு வாங்கித் தம் தோளில் போர்த்திக்கொண்டார். எந்த வெள்ளையைக் கண்டு தாம் நடுங்கினாரோ அதைத் தம் வீரர் தம்மேலேயே காணட்டும் என்றார். அடியேனும் அமைச்சரும் அழுது தடுத்தோம். அச்சம் தீர்ந்து வருவதாக எண்ணற்க என்று எழுதச் சொன்னார். போர்த்தும்போது அவர் பற்கள் கிட்டியதை அடியேன் கண்டேன்.

இதற்குச் செவ்வரக்கு இல்லை. நாச்சியாரின் நகக்குறி ஒன்றே சான்று. விரைந்து எழுதியதால் எழுத்துப் பிழைத்த இடங்களைப் பொறுத்தருள்க. ஓலை கொண்டுவருபவனுக்கு நீரும் குதிரைக்குப் புல்லும் தருக. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பள்ளிவாசல் படியில் வெண்துணி போர்த்த பெண்ணொருத்தி நிற்பாள். வாளை ஓங்குமுன் அவள் முகத்தைப் பார்க்க.