தகைவிலானுக்காகப் பன்னிரண்டாவது மனு

ஜூன் 2, திங்கள்

விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் போய்ப் பதினோராவது மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் குடிநீர்க் குழாயின் ஜாயிண்ட் இரண்டு வருடமாகக் கசிகிறது. ரோட்டோரம் எந்நேரமும் சேறு. நான்கு நாளைக்கு ஒருமுறை தெருவுக்குத் தண்ணீர் வரும் ஊரில் இது அநியாயம் இல்லையா?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தண்ணீர் திறந்துவிடும் பால்பாண்டி, "வாங்க மனுச்சாமி" என்றான். செல்லச்சாமி என்று என் அப்பா வைத்த பேர் இருக்கிறது. இந்தப் பட்டத்துக்காகவே எட்டு வருடமாக அவனோடு பேச்சு கிடையாது. இனியும் கிடையாது.

ஜூன் 5

வந்துவிட்டன! இரண்டு தகைவிலான்!

ஊரில் இவற்றுக்குக் கரண்டு கம்பிக் குருவி என்று பேர். சரியான பேரை நான் சாத்தூர் நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். போன வருடம் இவை கூடு வைக்க வட்ட ஓட்டை போட்டுப் பெட்டி அடித்தேன், அணில் குடியேறியது. யாரும் சொல்லித் தரவில்லை. ஓடைப் பாலத்துக்கு அடியில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இவை மண்ணால் கட்டுகிறவை. இந்த முறை முன்பக்கம் திறந்த பெட்டி. மண் பிடிக்க உள்ளே உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினேன். பஸ் ஸ்டாப் நிழற்குடையின் கூரையை ஒட்டி ஆறு பெட்டி. பலகை எல்லாம் கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை. எச்சம் தலையில் விழாமல் இருக்க அடியில் காலண்டர் அட்டை.

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற அய்யம்மாள் மதினி அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொழுந்தனாரே, போன வருசம் அணிலுக்கு வீடு கட்டுனீக. இந்த வருசம் ஓணானுக்கா?" என்றாள். மறு நிமிடம் ஒரு குருவி, அலகில் பட்டாணி அளவு மண்ணோடு அவள் தலைக்கு மேலே பாய்ந்து இரண்டாவது பெட்டிக்குள் போனது.

"யாத்தே! அது நா குடுத்த பலகைலா!"

அதற்குப் பிறகு வேன் வரும்வரை அவள் வாயை மூடவில்லை.

ஜூன் 11

கூடு பாதி ஆகிவிட்டது. பிளந்த சுரைக்குடுக்கையைக் கூரையில் ஒட்டியது போல இருக்கிறது. இன்று மட்டும் நூற்று நாற்பது முறை மண் கொண்டுவந்தன. எண்ணினேன். மதியச் சாப்பாடு மறந்துபோனது.

ஜூன் 12

என் மனுவுக்குப் பலன் கிடைத்துவிட்டது. பால்பாண்டியும் இரண்டு ஆளும் வந்து ஜாயிண்டை மாற்றிவிட்டார்கள். ஒரு சொட்டு இல்லை. பதினோரு மனு! யார் ஜெயித்தது?

ஜூன் 13

சேறு காய்ந்துவிட்டது. குருவிகள் அங்கே வந்து இறங்கி, தரையைக் கொத்திப் பார்த்து, வெறும் அலகோடு போகின்றன.

மதினி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அம்புட்டும் ஒங்க மனு பண்ண வேலை."

நான் மனு கொடுத்தது குழாய்க்கு. குருவிக்கு எதிராக அல்ல.

ஜூன் 14

தாம்பாளத்தில் கரிசல் மண்ணைக் குழைத்து வைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. ஒரு நாய் வந்து படுத்தது.

ஜூன் 16

மேல்காற்று. பாதிக் கூட்டின் விளிம்பில் விரிசல். இரண்டும் கம்பியில் உட்கார்ந்தே இருக்கின்றன. இன்னும் இரண்டு மூன்று நாளில் விட்டுவிட்டுப் போய்விடும். எனக்குத் தெரியும். பாலத்தில் பார்த்திருக்கிறேன்.

கசிவை நிறுத்தச் சொன்னது தப்பா? தப்பில்லை. தண்ணீர் தண்ணீர்தான். ஆனால் — அவன்கிட்டப் போயி நிக்கணுமா? நானா? அந்தப் பயகிட்டயா?

ஜூன் 17

போனேன்.

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான். எட்டு வருடத்தில் முதல் வார்த்தை நான்தான் பேசினேன். "பால்பாண்டி, அந்த எடத்துல கொஞ்சம் சகதி வேணும்."

அவன் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தான். பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வாயால சொன்னா எப்படி? மனுவா எழுதிக் குடுங்க, பெரியவரே" என்றான்.

அங்கேயே, அவன் பேனாவை வாங்கி எழுதினேன். பொருள்: தகைவிலான் கூடு கட்டச் சேறு வேண்டுதல். கையெழுத்து: செல்லச்சாமி. அந்தப் பேரை மட்டும் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தான்.

ஜூன் 18

காலை ஆறு மணிக்கு பால்பாண்டி வால்வுத் தொட்டியிலிருந்து நான்கு குடம் தண்ணீரைப் பழைய இடத்தில் ஊற்றினான். மதினி தன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு ஊற்றினாள். அதைப் பார்த்து வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் ஊற்றினார்கள். வேன் டிரைவர் ஹாரன் அடித்து, "என்னக்கா, ரோட்டுக்கு அபிசேகமா? கம்பெனிக்கு நேரமாச்சு!" என்றான்.

ஏழு மணிக்குப் பெண்குருவி தரையில் இறங்கியது. வாய் நிறைய மண்ணோடு எழும்பிப் போனது.

ஜூன் 19

நூற்று அறுபத்திரண்டு முறை.

ஜூன் 29

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவது நடக்கிறது. கூட்டுக்குக் கழுத்து வந்துவிட்டது. ஐந்தாவது பெட்டியில் இன்னொரு ஜோடி ஆரம்பித்திருக்கிறது. பலகை கொடுத்த சினேகா, தன் பெட்டிக்கு யாரும் வரவில்லை என்று சண்டை பிடித்தாள். என்னோடு! நானா குருவிக்கு வீடு ஒதுக்குகிறேன்?

ஜூலை 19

உள்ளே சத்தம். குஞ்சு பொரித்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிவகாசியில் பைண்டிங் தப்பிப்போய்க் கழித்த டைரி இது. ஜூலை இரண்டு முறை இருக்கிறது, ஆகஸ்ட் இல்லை. இரண்டாவது ஜூலையை அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

நான்கு குஞ்சும் பறந்துவிட்டன! தீபாவளி சீசன் ஆனதால் ஞாயிற்றுக்கிழமையும் வேன் உண்டு, எல்லோரும் பார்த்தார்கள். நான்காவது கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு வெகுநேரம் வர மறுத்தது. மதினி, "இது நம்ம கொழுந்தனார் வகை. லேசுல எறங்காது" என்றாள். பால்பாண்டி கைதட்டிச் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21

ஜாயிண்ட் மறுபடியும் கசிகிறது. காலையில் பார்த்தேன். ரோட்டோரம் நல்ல சேறு.

டீக்கடையில் பால்பாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்ன பெரியவரே, பதிமூணாவது எப்ப?"

சினேகாவின் பெட்டியில் இன்றுதான் முதல் மண் ஒட்டியிருக்கிறது.

"எந்தக் கசிவுப்பா?" என்று கேட்டுவிட்டு, அவனுக்கும் ஒரு டீ சொன்னேன்.