பெயர் சொல்லாத வெள்ளைப் பூ

என் செல்ல மகளுக்கு,

பாலைவனத்தில் கிடைத்த உன் கேமராவை நேற்றுதான் எங்களிடம் கொடுத்தார்கள். அதில் தேதி சரியாக இல்லை. நாற்பத்தோரு படங்களும் காட்டுப் பூக்கள்தான். நீ பெயர் எழுதாமல் விட்டுப்போனதால், இன்று உன் ஆய்வகத்துக்கே எடுத்துப் போனேன். உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் பேராசிரியை இதழ்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தில் மண்ணை ஒட்டி ஒரு வெள்ளைப் பூ, பக்கத்தில் உன் விரல். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது மழை பெஞ்ச மறுநாள் மட்டுந்தாம்மா பூக்கும்" என்றார்.

அங்கே பெய்தது ஒரே ஒரு மழை, நீ காணாமல்போய் ஆறாம் நாள். தேடியது போதும் என்று அதிகாரிகள் சொன்னதை நம்பி உன் அப்பா கையெழுத்துப் போட்டது நான்காம் நாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அப்பா கேட்டார்: "எல்லாத்துக்கும் பேர் கிடைச்சுதா?"

"ஒண்ணு மட்டும் தெரியலையாம்."

"எது?"

காட்டினேன். "அட, அவ விரல்!" என்று தடவிப் பார்த்தார். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறாராம்.

கனவில் வந்தால்கூட அவரிடம் சொல்லிவிடாதே, கண்ணு.

உன்
அம்மா