காலி வட்டம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ராயபுரத்தில் எங்கள் வம்சாவளிக் குழு கூடியது. இரண்டு வருடமாகத் தேடித் தேடி நான் வரைந்த குடும்ப மரத்தைச் சுவரில் ஒட்டினேன். பூட்டனாருக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த மகனின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு காலி வட்டம்.

எண்ணூரிலிருந்து வந்திருந்த ஒருவர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது எங்க தாத்தாதாம்மா."

தாத்தாவின் பழைய போட்டோ ஒன்றையும் காட்டினார். அச்சு அசல் என் அப்பாவின் முகம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முட்டாள். பெயரைக் கேட்டு நானே எழுதி, குழு வழக்கப்படி கீழே கையெழுத்தும் போட்டேன்.

அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் மெதுவாகக் கேட்டார்:

"காலாடிப்பேட்டை வூடு இன்னும் பூட்டன் பேர்லதான கீது?"

நானும் அப்பாவும் இருக்கும் அந்த வீட்டைப் பற்றி அங்கே நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர் டேப்பு வச்சி வாசல அளந்துகினு இருந்தாங்கம்மா. இன்னா விசயம்னு கேட்டேன். உன் பேர சொல்றாங்க. நீயா அனுப்ன?"

சுருட்டிக் கொண்டுவந்த மரத்தை இந்த ராத்திரியில் விரித்துப் பார்க்கிறேன்: அவர்கள் பங்கு கேட்க என் கையெழுத்தே சாட்சி. பக்கத்து அறையில் இருமல் கேட்கிறது. அப்பாவும் தூங்கவில்லை.