தோப்பை விற்க வந்த மாமாவும் நீ செய்த கருவியும்

ஆலங்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் வலது முழங்கால் நீங்கலாக. அந்த விலக்கைச் சொல்லாமல் நலம் என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மையாகாது. டப்ளினில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய். காதை மூடாமல் வெளியே போகக் கூடாது என்று அம்மா எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்ததை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், நீ நடுவில் சிரிக்கவும் கூடாது, அதனால்தான் கடிதம்.

அய்யப்பன் மாமா மஸ்கட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிவிட்டது உனக்குத் தெரியும். புதன்கிழமை காலை அவரும் செவந்தி அத்தையும் கீரமங்கலத்திலிருந்து வந்தார்கள். கையில் தென்னந்தோப்பின் தாய்ப்பத்திரம். தோப்பை விற்கப் போகிறாராம், வருகிற முகூர்த்த நாளில் முன்பணம் வாங்குகிறாராம், கிரயப் பத்திரத்தை வக்கீலான நான் எழுதித் தர வேண்டுமாம். எதற்காக விற்பனை என்று கேட்டேன். மஸ்கட்டில் அவரோடு ஒரே அறையில் இருந்த தமிழ்செல்வன் கிரிப்டோ டோக்கன் என்னும் இணைய நாணயம் ஒன்றைக் காட்டியிருக்கிறான். மாமாவும் சோதனைக்காகச் சிறிது வாங்கியிருக்கிறார். செல்பேசியில் அதன் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது, ஆகவே தோப்புப் பணம் முழுவதையும் அதில் போடுவதாகத் திட்டம். அத்தை பத்திரத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோப்பை விட்டால் அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது. வில்லங்கம் பார்க்காமல் எந்தச் சொத்தையும் வாங்கும்படி நான் யாருக்கும் சொன்னதில்லை, இதற்கு எப்படிப் பார்ப்பது என்றேன். மாமா சிரித்துவிட்டார். "மச்சான், நீங்க மண்ணுக்குத்தான் வில்லங்கம் பாப்பீங்க. இது காத்துல இருக்கு. இதுக்கு எந்த ஆபீஸுல போயி மனு போடுவீங்க?" என்றார்.

அம்மாதான் உன் கருவியை நினைவூட்டினாள். நீ பொங்கலுக்கு வந்தபோது என் மடிக்கணினியில் ஓர் ஏஐ ஏஜென்டை அமைத்து, டோக்கன்களைச் சோதிக்க உங்கள் குழு செய்த கருவியை அதனோடு இணைத்துவிட்டுப் போனாயே. ஏஜென்ட் என்பது நாம் அனுப்பும் குமாஸ்தா மாதிரி, கருவி என்பது அந்தக் குமாஸ்தா பதிவேட்டைக் கேட்டு வாங்கும் ஜன்னல் மாதிரி என்று விளக்கினாய். அன்று மரியாதைக்குத் தலையாட்டினேன். விளங்கியது இந்தப் புதன்கிழமைதான். டோக்கனின் பெயரைத் தட்டினேன். அந்தப் பெயரில் பல டோக்கன்கள் உள்ளன, பெயரைக் கொண்டு எது என்று தீர்மானிக்க இயலாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ள ஒப்பந்த முகவரியைத் தருக என்று அது என்னையே திருப்பிக் கேட்டது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் மோகனா. பெயர் சொத்தை அடையாளம் காட்டாது, சர்வே எண்ணும் நான்கெல்லையும்தான் காட்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. தமிழ்செல்வன் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரியை எடுத்து ஒட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. மாமா நினைத்திருந்த பிரபலமான டோக்கன் அது இல்லை, பெயர் மட்டுமே ஒன்று. சென்ற மாதம்தான் உருவானது. அந்த டோக்கன்களில் ஏறக்குறைய அனைத்தும் ஒரே கணக்கில் இருக்கின்றன. மற்றவர்கள் விற்பதைத் தடுக்கும் அதிகாரத்தை உருவாக்கியவர் தம்மிடமே வைத்திருக்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, உருவாக்கியவர் யார் என்பதை அறிய இயலவில்லை, இது கிடைத்த விவரங்களின் அளவில் மட்டுமே என்று முடித்திருந்தது.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "ஒங்க மக செஞ்ச மிஷினு ஒங்க பேச்சத்தானே பேசும்," என்றார். அதுவும் நியாயமான ஆட்சேபணைதான். வாதம் செய்யாமல், வாங்கியதில் கொஞ்சத்தை இப்போதே விற்றுக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அவர் செல்பேசியில் அழுத்தினார். விற்பனை நடக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று முற்றத்துக்குப் போய் அழுத்தினார், பிறகு தெருவுக்குப் போய் அழுத்தினார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே தமிழ்செல்வனை அழைத்து, "செல்வா, இனிமே அதுல ஒண்ணும் போடாதப்பா. உள்ள போக வாசல் இருக்கு, வெளிய வரத்தான் இல்ல," என்றார். அத்தை மேசையிலிருந்த தாய்ப்பத்திரத்தை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் காபி கேட்டாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவர்கள் போன பிறகும் நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரிலும் அலுவலகம் இல்லாத, எந்த அதிகாரியின் முத்திரையும் இல்லாத, டோக்கன் கணக்கெல்லாம் பதிவாகும் ஒரு பொதுப் பதிவேடு. அதை ஆலங்குடியில் உட்கார்ந்து ஒருவன் கேட்கிறான், தலைவாசலைத் தாண்டாமல் விடை வருகிறது. சார்பதிவாளர் அலுவலக மரத்தடியில் காத்திருந்தே தலை நரைத்தவன் நான், எனக்கு இது பிரமிப்பாக இல்லாமல் எப்படி இருக்கும்? அதைவிடப் பெரிய பிரமிப்பு அந்தக் கடைசி வரி. நான் எழுதிய ஒவ்வொரு சட்டக் கருத்துரையும் "எனக்குக் காட்டப்பட்ட ஆவணங்களின் அளவில்" என்றுதான் முடியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இயந்திரத்துக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று வியந்தேன். "வேற யாரு, அதச் செஞ்சவதான்," என்றாள் உன் அம்மா. உன் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவரை கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவந்தேன். இனி வில்லங்கம் பார்க்கும் வேலை என்று சொல்வதாக இருக்கிறேன். உனக்கு ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்.

ஒன்று மட்டும் மறக்காதே. குறை எதுவும் தென்படவில்லை என்று கருவி சொன்னால், குறையே இல்லை என்றுதான் சனங்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வேகத்துக்காகவோ அழகுக்காகவோ அந்தக் கடைசி வரியை எடுத்துவிடும்படி யார் சொன்னாலும் இணங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. மாமா உன்னிடம் பேசக் கூச்சப்படுகிறார், நீயே முதலில் அழைத்துப் பேசு, டோக்கனைப் பற்றிப் பேச்சு எடுக்காதே.

நீ எல்லா நலமும் பெற்று நீடு வாழ வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நான் எந்த வரம்பும் வைக்கவில்லை.

உன் அப்பா,
சி. ஆத்மநாதன்